எழும்பூரில் ஒரு நாள்

அன்புள்ள அம்மாவுக்கு,

பி.ஏ. வரலாறு முடிக்கப்போகும் உங்கள் மகள் லைப்ரரி சயின்ஸ் படிக்கிறேன் என்கிறாள், புத்தகம் எடுத்துக் கொடுக்கிற வேலைக்கா இவ்வளவு படிப்பு என்று கேட்டிருந்தீர்கள். கவலை நியாயம்தான். ஆனால் நூலகம், அருங்காட்சியகம், ஆவணக்காப்பகம் என்று அவள் முன்னால் மூன்று கதவுகள் இருக்கின்றன. மூன்றுக்கும் மூன்று விதமான மனசு வேண்டும்.

1876–78 தாது வருஷப் பஞ்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நூலகத்தில் அதைப் பற்றிய புத்தகம் பொருள்வாரியாக நிற்கும். அதே விஷயத்தைப் பேசும் நூல்கள் பக்கத்திலேயே இருக்கும். இந்தப் பகுப்புக் கலையில் உலகமே மதிப்பவர் நம் எஸ்.ஆர். ரங்கநாதன். கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார்.

ஆவணக்காப்பகத்தில் ‘பஞ்சம்’ என்றொரு அலமாரி கிடையாது. எந்த அலுவலகம் எழுதியதோ அதன் பெயரில், எழுதிய வரிசை கலையாமல் பழைய அரசுக் கோப்புகள் கட்டுக்கட்டாக இருக்கும். பஞ்ச நிவாரண வேலையாகச் சென்னையில் பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதியை வெட்டினார்கள். அதைத் தேடுகிறவர் வருவாய்த் துறையோடு நிற்காமல் பொதுப்பணித் துறைக் கோப்புகளையும் கேட்க வேண்டும். ‘அன்றைக்கு இதை யார் யாருக்கு எழுதியிருப்பார்கள்?’ என்று யோசிக்க வேண்டும். வசதிக்காகக் கட்டைப் பிரித்து மாற்றி அடுக்கிவிட்டால், எந்த மனுவுக்கு எந்த உத்தரவு பதில் என்பதே தெரியாமல் போய்விடும். என்னைக் கேட்டால் மூன்றிலும் கடினம் இதுதான்.

அருங்காட்சியகத்தில் ஒவ்வொரு பொருளும் தனி. புதையலாகக் கிடைத்த செப்புத் திருமேனிக்கு ஒரு பதிவெண், அதன் கீழ் உயரம், கிடைத்த ஊர், உடன் கிடைத்தவை. அந்தப் பதிவு தொலைந்தால் திருமேனி இருக்கும், எங்கிருந்து வந்தது என்று சொல்ல ஆளிருக்காது.

நூலகர் பதவிகளுக்கு நூலக அறிவியலில் இளநிலை, முதுநிலைப் பட்டங்களான பி.எல்.ஐ.எஸ்.சி., எம்.எல்.ஐ.எஸ்.சி.; டிஎன்பிஎஸ்சி தேர்வும் உண்டு. அருங்காட்சியகத்துக்குத் தொல்லியல் அல்லது மியூசியாலஜி என்கிற அருங்காட்சியகவியல். பரோடாவில் நல்ல துறை இருக்கிறது. ஆவணத்துக்கு டெல்லி தேசிய ஆவணக்காப்பகம் டிப்ளமோ நடத்துகிறது. பின்னிரண்டிலும் பணியிடங்கள் குறைவு, அதை மறைக்க மாட்டேன். அதனால் நூலகப் படிப்பை முதலில் முடிப்பது நல்லது.

விண்ணப்பம் போடுமுன் அவளோடு எழும்பூர் போய்வாருங்கள். கன்னிமரா நூலகமும் அரசு அருங்காட்சியகமும் பாந்தியன் சாலையில் ஒரே வளாகம். ரயில் நிலையம் பக்கம் நடந்தால் தமிழ்நாடு ஆவணக்காப்பகம். வெள்ளிக்கிழமை வேண்டாம், அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. ஆவணக்காப்பகத்துக்குக் கல்லூரிக் கடிதம் கையில் இருக்கட்டும். எந்த இடத்தில் ‘இன்னும் கொஞ்ச நேரம்’ என்று கேட்டாள் என்பதை மட்டும் எனக்கு எழுதுங்கள்.