அஜர்பைஜானின் ‘லாய்லாய்’ என்றால் என்ன? குடும்பத்தில் அதற்கு என்ன இடம்?

லாய்லாய் என்பது அஜர்பைஜானில் தொட்டிலை ஆட்டியபடி அம்மாவோ பாட்டியோ பாடும் தாலாட்டு. பெரும்பாலும் ‘பாயாத்தி’ என்ற நாட்டுப்பாடல் வடிவத்தில் இருக்கும்: 4 அடிகள், அடிக்கு 7 அசைகள். 1, 2, 4-ஆம் அடிகள் ஒரே ஓசையில் முடியும், 3-ஆவது மட்டும் தனித்து நிற்கும். அளவு இவ்வளவு கச்சிதமாக இருப்பதால்தான், எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியாலும் அந்த நேரத்திலேயே புதிதாகக் கட்ட முடிந்தது. இட்லித் தட்டு மாதிரிதான்: குழி மாறாது, மாவு அவரவர் வீட்டுடையது.

அந்த மாவில் பிள்ளைப் பாசம் மட்டுமா? பிறந்த வீட்டு ஏக்கம், தூரம் போனவரின் நினைவு, வெளியே சொல்ல முடியாத துக்கம் எல்லாம் கலந்திருக்கும். என்னை மிகவும் உருக்குவது இதுதான்.

அப்புறம், குழந்தைக்குப் பாடுவதெல்லாம் லாய்லாய் என்று பலர் நினைக்கிறார்கள். விழித்திருக்கும் குழந்தையைக் கொஞ்சிப் பாடுவது ‘ஒஹ்ஷாமா’, அது தனி வகை.