அம்பாசடருக்கு இரட்டை கார்புரேட்டர் வாங்கலாமா?

கேள்வி: என்னிடம் 1972 மாடல் அம்பாசடர் மார்க் 2 இருக்கிறது. 1489 சிசி பெட்ரோல் இன்ஜின். சூடானதும் ஐடிலிங் (ஆக்சிலரேட்டரை அழுத்தாதபோது இன்ஜின் ஓடும் வேகம்) ஏறி இறங்கி, சிக்னலில் அணைந்துவிடுகிறது. பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் சோலெக்ஸ் பிராண்ட் கார்புரேட்டரையும், அந்தக் கலவையை இன்ஜினுக்குக் கொண்டுபோகும் குழாயான இன்லெட் மேனிபோல்டையும் சேர்த்தே மாற்றிவிடலாம் என்கிறார் மெக்கானிக். ஆன்லைனில் ஒருவர் எம்ஜி காரின் எஸ்யூ பிராண்ட் இரட்டை கார்புரேட்டரை மேனிபோல்டோடு விற்கிறார். "அப்படியே உட்காரும், பவரும் கூடும்" என்கிறார். வாங்கலாமா?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். நீங்கள் சொல்லும் கோளாறுக்குப் பெரும்பாலும் எங்கோ காற்று புகுவதுதான் காரணம். அது எங்கே என்று பார்க்காமல் பாகத்தை மாற்றினால், பணம் போன பிறகும் வண்டி சிக்னலில் அணையும்.

வண்டி ஐடிலிங்கில் ஓடும்போது, மேனிபோல்டு ஹெட்டோடு (இன்ஜினின் மேல் பாகம்) சேரும் இடத்திலும் கார்புரேட்டரின் அடியிலும் கார்ப் கிளீனர் ஸ்பிரேயைக் கொஞ்சமாக அடிக்கச் சொல்லுங்கள். தீப்பிடிக்கும் பொருள் என்பதால் சூடான எக்ஸாஸ்ட் மேல் படக்கூடாது. ஸ்பிரே பட்டதும் இன்ஜின் சத்தம் மாறினால் அந்த இடத்தில் லீக் இருக்கிறது; நடுவில் வைக்கும் அடைப்புத் தகடான ஒரு கேஸ்கட்டிலேயே வேலை முடியலாம். அடுத்து, இன்ஜினை அணைத்துவிட்டு, கார்புரேட்டரில் ஆக்சிலரேட்டரோடு சேர்ந்து திரும்பும் தண்டான திராட்டில் ஸ்பிண்டிலை விரலால் அசைத்துப் பாருங்கள். லொட லொடவென ஆடினால் அந்த இடைவெளி வழியாகக் காற்று நுழைகிறது. அரை நூற்றாண்டு ஓடிய சோலெக்ஸில் இது சகஜம். நல்ல லேத் பட்டறையில் புஷ் (தண்டு சுழலும் வளையம்) அடித்துப் புது ஸ்பிண்டில் போட்டுவிடலாம். கூடவே டயாபிரம், ரப்பர் ஹோஸ்களையும் பாருங்கள். இப்போது பெட்ரோல் பங்குகளில் வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை ஊற வைத்துக் கெடுக்கும். ரிப்பேர் கிட் வாங்கும்போது எத்தனாலைத் தாங்குமா என்று கேட்டு வாங்குங்கள்.

மேனிபோல்டு வார்ப்பிரும்போ அலுமினியமோ, வெடிப்பு விழாதவரை அதைத் தூக்கிப் போடத் தேவையே இல்லை. ஹெட்டில் உட்காரும் முகம் வளைந்திருந்தால் ஃபேசிங் செய்தால், அதாவது சமமாகச் சீவினால் போதும். ஆனால் உங்கள் வண்டியில் இருக்கும் பி-சீரிஸ் வகை இன்ஜினில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. இன்லெட், எக்ஸாஸ்ட் இரண்டும் ஹெட்டின் ஒரே பக்கத்தில், ஒரே கேஸ்கட்டில் உட்காருகின்றன. நடுவில் வரும் ஸ்டட்களில் (நட்டு ஏறும் திருகுத் தண்டுகளில்) தடித்த வாஷர் ஒன்றே இரண்டின் விளிம்பையும் சேர்த்து அமுக்குகிறது. இரண்டு விளிம்பும் ஒரே கனத்தில் இல்லாவிட்டால் ஒன்றுதான் இறுகும், மற்றது ஊதும். அதனால் இன்லெட்டை மட்டும் ஃபேசிங் செய்வதும், இன்லெட்டை மட்டும் வேறு மேனிபோல்டாக மாற்றுவதும் புது லீக்கை விலை கொடுத்து வாங்குவதுதான். புதுக் கேஸ்கட் போட்டவர் நட்டை வெறித்தனமாக முறுக்காமல், நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சீராக இறுக்கட்டும்.

இனி அந்த எஸ்யூ செட். விற்பவர் சொல்வதில் பாதி உண்மை. 1955-ல் வந்த எம்ஜிஏ காரில் இருந்ததும் இதே 1489 சிசி பி-சீரிஸ்தான், அதுவும் இரட்டை எஸ்யூவோடு. அதனால் ஹெட்டில் பொருந்த வாய்ப்பு உண்டு. ஆனால் அந்த காரின் பவருக்குக் கார்புரேட்டர் மட்டும் காரணமல்ல. கம்ப்ரஷனும் கேம்ஷாஃப்டும் சேர்ந்த கணக்கு அது. உங்கள் இன்ஜினில் செட்டை மட்டும் ஏற்றினால் பெரிய வித்தியாசம் எதிர்பார்க்காதீர்கள். இரண்டு கார்புரேட்டரையும் ஒரே அளவு காற்று இழுக்கும்படி பேலன்ஸ் செய்யத் தெரிந்த கை ஊரில் இருக்கிறதா என்பதும் கேள்வி. சிங்கிள் சோலெக்ஸை டியூன் செய்ய இன்னும் ஆள் கிடைக்கிறார்கள்.

ஆசை விடவில்லையென்றால், லிங்கேஜ், ஏர் கிளீனர், நீடில், ஹீட் ஷீல்டு எல்லாம் சேர்ந்த முழு செட்டாக மட்டும் வாங்குங்கள். தனித்தனியாகத் தேடுவது செட்டின் விலையைத் தாண்டிவிடும். பானெட்டுக்குள் பக்கவாட்டு இடத்தையும் முதலில் அளந்துவிடுங்கள்.

கேள்வி: செட் வாங்கிப் பொருந்தாவிட்டால் பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா?

பதில்: யாரிடம் வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சென்னையில் புதுப்பேட்டையோ ஜெனரல் பேட்டர்ஸ் சாலையோ, ஆன்லைன் கடையோ, வியாபாரமாக விற்பவரிடம் பில்லோடு வாங்கினால் 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் துணை நிற்கும். பில்லில் "1489 சிசி அம்பாசடருக்கு, பொருந்தாவிட்டால் திருப்பி எடுக்கப்படும்" என்று எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சு நிற்காது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். தீராவிட்டால் 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. தன் வண்டியிலிருந்து கழற்றி விற்கும் தனிநபரிடம் இந்த வழி அடைபட்டுப் போகலாம். அவரிடம் வாங்குவதானால் நேரில் போய் ஸ்பிண்டிலை ஆட்டிப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

கேள்வி: பழைய சோலெக்ஸையும் மேனிபோல்டையும் எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொள்வதாகக் கடைக்காரர் சொல்கிறார். கொடுத்துவிடலாமா?

பதில்: கொடுக்கவே கொடுக்காதீர்கள். முதல் பதிவு முடிந்து 50 ஆண்டு கடந்த வண்டிகளை வின்டேஜ் வாகனமாகப் பதிவு செய்ய 2021-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. உங்கள் வண்டிக்கு அந்த வயது ஆகிவிட்டது. அசல் வடிவில் இருக்க வேண்டும், இன்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது அதன் நிபந்தனை. பின்னாளில் அந்தப் பதிவுக்குப் போனாலும், வண்டியையே விற்க நினைத்தாலும், கழற்றிய பாகங்கள் கையில் இருந்தால் பழையபடி மாட்டிவிடலாம். எண்ணெய் தடவி, துணியில் சுற்றி, கார்புரேட்டரின் சிறு துளைத் திருகுகளான ஜெட்டுகளைத் தனி டப்பாவில் போட்டு வையுங்கள்.