கம்ப்ரஷன் நன்றாக இருக்கிறது, விமானம் மட்டும் ஏற மாட்டேன் என்கிறது

கேள்வி: கோலாலம்பூரில் வேலை பார்க்கும் நாங்கள் நான்கு பேர் கூட்டாக, 1980களில் தயாரான ஒரு செஸ்னா 172 வாங்கி சுபாங் விமான நிலையத்தில் நிறுத்தியிருக்கிறோம். லைகமிங் ஓ-320 இஞ்சின். ஓவர்ஹால் (முழுக்கப் பிரித்துப் புதுப்பித்தல்) ஆகி 11 வருடம் ஆகிறது, 900 மணி நேரம் ஓடியிருக்கிறது. ஆளுக்கொரு வேலை, குடும்பம் என்று சில சமயம் மாதக்கணக்கில் பறக்காமலே நிற்கும். இரண்டு வருடத்துக்கு முன் நிறுத்தி வைத்தபடி முழு திராட்டில் கொடுத்தால் 2340 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) காட்டும். இப்போது 2240தான். கையேடு குறைந்தது 2300 கேட்கிறது. ஒரு பட்டறையில் கம்ப்ரஷன் டெஸ்ட் செய்து, “80க்கு 75, 76, 77 வருகிறது, இஞ்சின் நல்லா இருக்கு, வெயில்தான் காரணம்” என்றார்கள். இன்னொரு பட்டறை நான்கு சிலிண்டரையும் மாற்றச் சொல்கிறது. எதற்குப் பணம் கட்டுவது, ஐயா?

பதில்: இப்போதைக்கு இரண்டுக்கும் கட்டாதீர்கள். காரணம் தெரியும் வரை பறக்கவும் வேண்டாம். 100 ஆர்பிஎம்தானே என்று தோன்றும். ஆனால் இறக்கையின் கோணம் (பிட்ச்) மாறாத புரொப்பெல்லரைச் சுழற்றத் தேவையான சக்தி, வேகத்தின் கனத்தைப் (வேகம் × வேகம் × வேகம்) பொறுத்து ஏறி இறங்கும். 2340லிருந்து 2240க்கு இறங்கினால், உங்கள் இஞ்சின் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு சக்தியை இழந்துவிட்டது என்று பொருள். முழு எடையோடு கிளம்பும் நாளில் அது பெரிய இழப்பு.

வெயில் என்ற விளக்கத்தை நான் ஏற்கவில்லை. குளிர்காலம் உள்ள நாட்டில் ஜனவரியையும் ஜூலையையும் ஒப்பிட்டுக் குழம்பலாம். நம் ஊரில் வருடம் முழுக்க ஒரே வெயில்தான், சுபாங் ஓடுதளமும் கடல்மட்டத்துக்கு அருகில்தான் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன்னும் இதே வெயிலில்தானே 2340 வந்தது?

முதலில் அந்த 2240 உண்மையா என்று பாருங்கள். ஆர்பிஎம் காட்டும் பழைய மெக்கானிக்கல் டேக்கோமீட்டர் வயதாக ஆகக் குறைத்துக் காட்டும். புரொப்பெல்லரை நேராகப் பார்த்து அளக்கும் ஆப்டிகல் டேக்கோமீட்டர் ஒன்றை வைத்து, காற்றில்லாத காலையில், இஞ்சின் சூடான பிறகு அளக்கச் சொல்லுங்கள். மிக்சரை (எரிபொருள்-காற்றுக் கலவையைக் கட்டுப்படுத்தும் பிடி) அதிகபட்ச ஆர்பிஎம் வரும் இடத்தில் வைக்க வேண்டும். புரொப்பெல்லரைப் பழுது பார்த்தபோது யாராவது அந்தக் கோணத்தை மாற்றினார்களா என்பதையும் பதிவேட்டில் தேடுங்கள்.

எண் உண்மை என்றால், அடுத்து செலவு குறைந்த சோதனைகள். ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா? காக்பிட்டில் திராட்டிலை முழுக்கத் தள்ளும்போது, கார்புரேட்டரில் உள்ள நெம்புகோல் கடைசித் தடுப்பைத் தொடுகிறதா? மேக்னெட்டோ டைமிங் (ஸ்பார்க் பிளக் பொறி விடும் தருணம்), இஞ்சின் தகட்டில் பொறித்திருக்கும் டிகிரியில் நிற்கிறதா? மஃப்ளருக்குள் தகடு உடைந்து புகைவழியை மறைத்தாலும் சக்தி குறையும். விளக்கு அடித்து உள்ளே பார்த்தால் தெரிந்துவிடும். கார்புரேட்டர் ஹீட்டுக்கு (உள்ளே பனி உறையாமல் சூடான காற்றை விடும் அமைப்பு) ஒரு எளிய சோதனை உண்டு. ரன்-அப்பில் (கிளம்பும் முன் தரையில் இஞ்சினைச் சோதிக்கும்போது) அதை இழுத்தால் ஆர்பிஎம் தெளிவாக இறங்க வேண்டும். இறங்கவே இல்லை என்றால், அதன் கதவு சரியாக மூடாமல் சூடான காற்று எப்போதும் உள்ளே போய்க்கொண்டிருக்கலாம்.

இவை எல்லாம் சரியாக இருந்தால், நான் சந்தேகப்படுவது, வால்வுகளைத் தள்ளித் திறக்கும் மேடுகள் கொண்ட தண்டான கேம்‌ஷாஃப்டை. கம்ப்ரஷன் டெஸ்ட் என்ன செய்கிறது? சிலிண்டருக்குள் 80 பிஎஸ்ஐ அழுத்தத்தில் காற்றை விட்டு, மூடிய வால்வு வழியாகவும் பிஸ்டன் ரிங் வழியாகவும் எவ்வளவு கசிகிறது என்று பார்க்கிறது. வால்வு எவ்வளவு திறக்கிறது என்பதை அது கேட்பதே இல்லை. கேம் மேடு தேய்ந்தால் வால்வு பாதி திறந்த கதவு மாதிரி ஆகிவிடும்: மூடும்போது கச்சிதமாக மூடும், திறக்கும்போதுதான் கலவை உள்ளே போக இடம் போதாது. அதனால் 76, 77 என்று அழகான எண் வந்துகொண்டே இருக்கும், சக்தி மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். பெரும்பாலான நான்கு சிலிண்டர் லைகமிங்கில், எதிரெதிரே இருக்கும் இரண்டு சிலிண்டர்களின் உள்ளிழுக்கும் வால்வுகளை ஒரே மேடுதான் தள்ளுகிறது. அது தேய்ந்தால் இரண்டும் சேர்ந்தே தளரும்; அதிர்வு பெரிதாகத் தெரியாது, விமானிக்குச் சந்தேகமும் வராது.

உங்கள் விமானம் நிற்கும் முறைதான் என்னை இந்தப் பக்கம் இழுக்கிறது. லைகமிங்கில் கேம்‌ஷாஃப்ட் கிராங்க்‌ஷாஃப்டுக்கு (பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மைத் தண்டு) மேலே இருக்கிறது. நின்றுவிட்டால் எண்ணெய் வழிந்து கீழே போய்விடும். நம் ஊர் ஈரக்காற்றில் மேட்டிலும் அது தள்ளும் லிஃப்டரின் முகத்திலும் துரு பிடிக்கும். அடுத்த முறை ஓட்டும்போது அந்தத் துருக்குழிகளிலிருந்து தேய்மானம் ஆரம்பிக்கும். இடையில் பத்து நிமிடம் தரையில் ஸ்டார்ட் செய்து அணைப்பதாலும் பயனில்லை, எண்ணெய் சூடாகாமல் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். 30 நாளைக்கு ஒரு முறையாவது, எண்ணெய் 74 முதல் 93 டிகிரி செல்சியஸ் வரை சூடாகும்படி ஒரு மணி நேரம் தொடர்ந்து பறக்க வேண்டும் என்பதே லைகமிங்கின் அறிவுரை.

ஆகவே, பட்டறையிடம் இதை எழுத்தில் கேளுங்கள்: சிலிண்டர்களில் உள்ள ராக்கர் மூடிகளைக் கழற்றி, டயல் கேஜ் வைத்து எட்டு வால்வுகளும் எவ்வளவு திறக்கின்றன என்று அளந்து, எட்டு எண்களையும் தாளில் தர வேண்டும். எண்ணெய் ஃபில்டரை வெட்டி மடிப்புகளை விரித்து, உங்கள் கண்ணெதிரே காந்தத்தை வைத்துப் பார்க்க வேண்டும். ஏதாவது ஓர் எண் குறைவாக இருந்தாலோ இரும்புத் தூள் ஒட்டினாலோ, ஒரு சிலிண்டரைக் கழற்றி கேமை நேரில் பார்ப்பது அடுத்த படி. உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளர்தான் இதைச் செய்து கையெழுத்திட வேண்டும்.

கேம்தான் குற்றவாளி என்றால் நான்கு புதுச் சிலிண்டர் வாங்குவது வீண்செலவு. தேய்ந்த மேடு தேய்ந்தபடியே இருக்கும். லைகமிங்கில் கேம்‌ஷாஃப்டை எடுக்க இஞ்சினின் கூடான கிராங்க்கேஸையே இரண்டாகப் பிரித்தாக வேண்டும். அந்த இஞ்சினுக்கு உற்பத்தியாளர் பரிந்துரைக்கும் ஓவர்ஹால் எல்லை 2000 மணி நேரம் அல்லது 12 வருடம், எது முதலில் வருகிறதோ அது. உங்களுக்கு 11 வருடம் ஆகிவிட்டது. பிரித்த கையோடு முழு ஓவர்ஹால் செய்துவிடுவதே எனக்குச் சரியாகப் படுகிறது. ஆனால் கார்புரேட்டர் ஹீட் கதவோ மஃப்ளரோ காரணம் என்று தெரிந்தால் செலவு அதில் சிறு பங்குதான். அதனால்தான் அளந்துவிட்டுப் பணம் கட்டச் சொல்கிறேன்.

கேள்வி: பினாங்கில் ஒருவர் தன் விமானத்தில் பங்கு தருவதாகச் சொல்கிறார். “ஓவர்ஹாலுக்குப் பிறகு ஓடவே இல்லை, புதுசு மாதிரி” என்கிறார். நம்பலாமா?

பதில்: மேலே உள்ள பதிலைப் படித்தீர்கள் என்றால் “ஓடவே இல்லை” என்பது எனக்கு ஏன் உறுத்துகிறது என்று புரியும். மொத்த மணி நேரத்தைப் பார்க்காமல், பதிவேட்டில் மாதவாரியாக எத்தனை மணி நேரம் பறந்தது என்று பாருங்கள். எண்ணெய் மாற்றிய தேதிகளையும் பாருங்கள். ஃபில்டர் உள்ள இஞ்சினுக்கு 50 மணி நேரம் அல்லது நான்கு மாதம் என்பது கணக்கு. முழு திராட்டில் ஆர்பிஎம்மை நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், விற்பவர் வியாபாரி இல்லாத தனிநபர் என்றால் 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்குத் துணை வராது. வால்வு திறக்கும் அளவும் ஃபில்டர் சோதனையும் திருப்தியாக இல்லாவிட்டால் முன்பணம் முழுதும் திரும்பி வரும் என்ற நிபந்தனையை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். பரிசோதிக்கும் பொறியாளரை நீங்களே தேர்ந்தெடுத்து, கூலியையும் நீங்களே கொடுங்கள்.