பின் சீட்டில் உட்காருபவர் எப்போது இழுக்க வேண்டும்?

கேள்வி: ராயபுரத்தில் வீடியோ செய்தியாளராக இருக்கிறேன். இரண்டு சீட் போர் விமானத்தில் பின்னால் உட்கார்ந்து பறக்க அழைப்பு வந்திருக்கிறது. ஆபத்து என்றால் வெளியே குதிக்கும் முடிவை நான்தான் எடுக்கணுமா? கேமரா கொண்டுபோகலாமா?

பதில்: மேலே போனபிறகு நீங்கள் முடிவெடுக்க அநேகமாக ஒன்றும் இருக்காது. எஜெக்ஷன் கைப்பிடியை இழுத்தால் ராக்கெட் ஆளைச் சீட்டோடு வெளியே தள்ளும். யார் இழுத்தால் யார் வெளியே போவது என்பதைத் தரையிலேயே ஒரு சுவிட்ச் முடிவு செய்துவிடும். அமெரிக்காவின் எஃப்/ஏ-18 போர் விமானத்தில் அந்தச் சுவிட்ச் ‘நார்மல்’ நிலையில் இருந்தால் முன்னால் இருப்பவர் இழுத்தால் இருவரும் வெளியே. பின்னால் இருப்பவர் இழுத்தால் அவர் மட்டும். இது விமானத்துக்கு விமானம் மாறும். அதனால் “நான் இழுத்தா நீங்களும் போவீங்களா சார்?” என்று பைலட்டிடமே கேட்டுவிடுங்கள். இன்டர்காம் செத்துப்போனால் என்ன சைகை என்பதையும்.

இருவரும் போகும்போது பின் சீட்தான் முதலில் கிளம்பும். இல்லாவிட்டால் முன் சீட்டின் ராக்கெட் நெருப்பு உங்கள் மேல் அடிக்கும். “எஜெக்ட்” என்று மூன்று முறை காதில் விழுந்தால் “என்ன சார்?” என்று கேட்க நேரமில்லை. உங்கள் ஏரியா பாக்சிங் பசங்களுக்குத் தாடையை நெஞ்சோடு புதைக்கச் சொல்லித்தருவார்கள், இங்கே நேர்மாறு. பின்னந்தலை ஹெட்ரெஸ்ட்டில் அழுந்தணும், தாடை லேசாக உயரணும், முதுகு நிமிர்ந்து ஒட்டணும், முழங்கை விலாவோடு. தலை குனிந்திருந்தால் அந்த உதையில் முள்ளெலும்பு நசுங்கும். சரியாக உட்கார்ந்தவர்களுக்கே அது நடப்பதுண்டு. சீட் பிரிவதும் பாராசூட் விரிவதும் தானாக நடக்கும்.

என்னைக் கேட்டால், இழுக்காமல் விடுவதைவிடத் தெரியாமல் இழுப்பதுதான் பயணிக்குப் பெரிய ஆபத்து. 2019 மார்ச்சில் பிரான்சின் சென்-டிசியே தளத்தில் 64 வயது சிவிலியன் ஒருவர் ரஃபாலில் ஏறினார். ஸ்ட்ராப் தளர்வு. மேல்நோக்கிப் போன விமானம் மட்டமானதும் உடம்பு சீட்டை விட்டு எழும்பியது. ஸ்பீட் பிரேக்கரில் பைக்கின் பின்னால் இருப்பவர்போல, கைக்குக் கிடைத்ததைப் பிடித்தார். அது எஜெக்ஷன் கைப்பிடி. ஆள் வெளியே! கூடவே போயிருக்க வேண்டிய பைலட்டின் சீட் கோளாறால் கிளம்பவில்லை. அவர் விமானத்தைப் பத்திரமாக இறக்கினார். பயணியும் பிழைத்தார்.

ஆகவே ஸ்ட்ராப்பை, மூச்சு இழுக்கச் சிரமப்படாத அளவுக்கு, இறுக்கச் சொல்லுங்கள். எதைப் பிடிக்கலாம் என்று காட்டச் சொல்லுங்கள். கழுத்தில் வார் போட்ட கேமரா கூடவே கூடாது: வார் கைப்பிடியில் மாட்டும், கேமராவோ விமானத்தை இயக்கும் கன்ட்ரோல் ஸ்டிக்கின் அடியில் சிக்கும். தரைப் பணியாளர்கள் பொருத்தித் தரும் கேமராவே போதும். செல்போன், சில்லறை, பேனா எல்லாம் வெளியே.

இறங்கியதும் அவசரப்பட்டு எழுந்திருக்காதீர்கள். சிவப்புக் கொடி தொங்கும் சேஃப்டி பின்னைத் திரும்ப மாட்டும்வரை அந்தச் சீட் வெடிக்கத் தயாராகவே இருக்கிறது. மாட்டியாச்சு என்று சொன்னபிறகு செல்ஃபி எடுங்கள்.