காலையில் முதலில் வரும் பழுப்பு நீர்: கொதிக்க வைத்தால் போதுமா?

காலையில் குழாயைத் திறந்ததும் பழுப்பாக வருகிறது, சில நிமிடத்தில் தெளிந்துவிடுகிறது, கொதிக்க வைத்துக் குடிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொதிக்க வைப்பது கிருமிகளைத்தான் கொல்லும். துருவும் ஈயமும் போகாது; நீர் வற்ற வற்ற அவற்றின் அடர்த்தி கூடும்.

நாளைக் காலை யாரும் குழாயைத் தொடும் முன் ஒரு கண்ணாடி டம்ளரில் முதல் நீரைப் பிடியுங்கள். ஐந்து நிமிடம் ஓடவிட்டு இன்னொன்று. இரண்டையும் வெள்ளைத் தாள் முன் வையுங்கள். முதலாவது மட்டும் பழுப்பு என்றால் பெரும்பாலும் வீட்டு இரும்புக் குழாயின் துரு. இரண்டுமே என்றால் தொட்டியையோ தெருக் குழாயையோ பார்க்க வேண்டும். குழாய் முனையில் இருக்கும் வலையைக் கழற்றினால் செம்மண் போலத் துகள் அடைந்திருக்கும், கழுவிவிடுங்கள்.

எனக்கு நிறத்தைவிட ஈயம்தான் கவலை. அதைக் கண்ணாலோ நாக்காலோ கண்டுபிடிக்க முடியாது. பழைய வீடென்றால் குழாயிலிருந்து ஈயம் கரைந்து வரலாம், அந்த முதல் நீரை ஆய்வகத்தில் கொடுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். முடிவு வரும்வரை சமையலுக்கு ஹீட்டர் நீர் வேண்டாம், சூட்டில் ஈயம் அதிகம் கரையும். கைக்குழந்தைக்குப் பால் கரைக்க இந்தக் குழாய் நீரே வேண்டாம்.

சாக்கடை வாடை அடித்தால் கழிவுநீர் கலந்திருக்கலாம். அன்றே குடிநீர் அலுவலகத்தில் புகார் கொடுங்கள், அதைக் குடிக்காதீர்கள்.