'ஃபுச்சூ' என்று மட்டும் இருந்தால் எந்த ஊர்?

ஜப்பானிய ஆவணத்தில் மாகாணப் பெயர் இல்லாமல் 'ஃபுச்சூ' என்று மட்டும் இருந்தால் எப்படி முடிவு செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஃபுச்சூ என்றால் பழைய மாகாணத்தின் நிர்வாகத் தலைநகர். மாகாணத்துக்கு ஒன்று இருந்ததால்தான் இத்தனை குழப்பம். இன்று டோக்கியோவில் ஒரு ஃபுச்சூ நகரம், ஹிரோஷிமா மாகாணத்தில் இன்னொன்று. இரண்டும் 1954-இல் நகரமானவை. காஞ்சி (ஜப்பானியத்தில் வழங்கும் சீன எழுத்து) வடிவமும் ஒன்றே. ஹிரோஷிமா நகரை ஒட்டி ஃபுச்சூ என்ற சிற்றூராட்சியும் உண்டு, மாஸ்டா கார் நிறுவனத்தின் தலைமையகம் அங்கேதான். பலர் தவறுவது இங்கேதான்: 'ஹிரோஷிமா ஃபுச்சூ' என்றதும் நகரத்தைக் குறித்துவிடுகிறார்கள். பெயருக்குப் பின் 'ஷி' வந்தால் நகரம், 'ச்சோ' வந்தால் சிற்றூராட்சி.

முதலில் அஞ்சல் குறியீட்டைத் தேடுங்கள். அதன் முதல் மூன்று இலக்கங்கள் 183 என்றால் டோக்கியோ, 726 ஹிரோஷிமாவின் நகரம், 735 சிற்றூராட்சி. அது இல்லையென்றால் பக்கத்து ஊர்ப் பெயர்களும் பேசும் விஷயமும் உதவும். குதிரைப் பந்தயச் செய்தி என்றால் டோக்கியோதான்.

ஆவணத்தின் காலத்தை மறக்கவே கூடாது. எடோ காலத்தில் (1603–1868) எடோவையும் கியோட்டோவையும் இணைத்த டொக்கைடோ சாலையின் 19-ஆவது தங்குமிடமான ஃபுச்சூ இன்றைய ஷிசுவோகா. ஷிசுவோகா என்ற பெயர் வந்தது 1869-இல். அதே காலத்தில் கோஷு சாலையின் ஃபுச்சூ டோக்கியோவில் உள்ளது.

லத்தீன் எழுத்தில் மட்டும் பெயர் இருந்தால் காஞ்சியைக் கேட்டு வாங்குங்கள். நாகசாகியின் சுஷிமாவும் ஐச்சியின் சுஷிமாவும் ஒலியில் ஒன்று, காஞ்சியில் வேறு. எதுவுமே கிடைக்காவிட்டால் பெரிய ஊர் என்பதற்காக டோக்கியோவைப் போட்டுவிடாதீர்கள். 'உறுதியாகவில்லை' என்று குறித்து வையுங்கள். தவறான ஆயத்தொலைவு (வரைபடத்தில் இடத்தைக் காட்டும் எண்கள்) ஒருமுறை பதிவாகிவிட்டால் அதைக் கண்டுபிடிப்பது கடினம்.