டிராகன் பறக்கலாம், கப்பல் மறையலாமா? கேம் ஆஃப் த்ரோன்ஸ் கேள்வி பதில்

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் நாவல் வரிசையை வைத்து எடுத்த தொலைக்காட்சித் தொடர் கேம் ஆஃப் த்ரோன்ஸ் 2019 மே மாதமே முடிந்துவிட்டது. ஆனால் கடலூர், புதுச்சேரிப் பக்கம் அதைப் பற்றிய பேச்சு இன்னும் ஓயவில்லை. வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். எட்டு சீசன் கதையும் வெளிப்படையாக வரும். பார்க்காதவர்கள் நேராகக் கடைசிக் கேள்விக்குப் போய்விடுங்கள். ஒரு வேண்டுகோள்: கேட்பது தொடரைப் பற்றியா, நூலைப் பற்றியா என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள். பாதிக் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

அண்ணா, இந்தத் தொடருக்கு ஆயிரம் தியரி இருக்கு. எது தேறும், எது தேறாதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? (மாணவர், லாஸ்பேட்டை)

கதையின் நாயகர்களில் ஒருவனான ஜான் ஸ்னோவின் பிறப்பு பற்றிய தியரியை, அதாவது ரசிகர்களின் யூகத்தை, எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி. முதல் நூல் வந்தது 1996இல். அடுத்த ஆண்டே வாசகர்கள், ஜான் தன்னை வளர்த்த நெட் ஸ்டார்க்கின் மகனல்ல, பட்டத்து இளவரசன் ரேகார் டார்கேரியனுக்கும் நெட்டின் தங்கை லியானாவுக்கும் பிறந்தவன் என்று எழுதத் தொடங்கிவிட்டார்கள். தொடர் அதை உறுதி செய்தது 2016இல், ஆறாவது சீசனின் கடைசி எபிசோடில்.

எப்படிப் பிடித்தார்கள்? ஹாரன்ஹால் கோட்டையில் நடந்த ஈட்டிப் போட்டியில் வென்ற ரேகார், கட்டிய மனைவி அங்கேயே உட்கார்ந்திருக்க, நீல ரோஜா மகுடத்தை லியானாவுக்குக் கொடுக்கிறான். பிறகு, கால் உடைந்து படுத்திருக்கும் நெட்டுக்கு ஒரு கனவு வருகிறது. தென்கோடி நாடான டோர்னின் எல்லையில் ஒரு கோபுரம். வாசலில் மூன்று அரச மெய்க்காவலர்கள். அரசன் செத்தாயிற்று, பட்டத்து இளவரசனும் செத்தாயிற்று. மிஞ்சியிருக்கும் இளவரசன் விசெரிஸிடம் போகாமல், இந்த மூவரும் யாருமில்லாத இடத்தில் ஏன் உயிரைக் கொடுத்துச் சண்டை போட வேண்டும்? உள்ளே அரச வாரிசு இருந்தால்தான் அந்தக் காட்சிக்கே பொருள். தொடராக எடுக்கக் கேட்டு வந்த பெனியாஃப், வைஸ் இருவரிடமும் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் கேட்டது, ஜானின் தாய் யார் என்றுதான். அவர்கள் சரியாகச் சொன்னார்கள்.

கதையில் விளங்காமல் நிற்கிற ஓர் இடத்தைத் தியரி விளக்கிக் காட்ட வேண்டும். நெட்டின் மகன் பிரானும், பிணப்படையின் தலைவன் நைட் கிங்கும் ஒரே ஆள் என்ற தியரிக்கு முகச்சாயல், உடைச்சாயல் தாண்டி அப்படி எதுவும் கிடையாது. யூடியூப் தலைப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

ஆறாவது நூல் எப்போ சார் வரும்? (நெல்லித்தோப்பு)

ஐந்தாவது நூல் 2011இல் வந்தது. ஆறாவதற்கு மார்ட்டின் தேதி அறிவிக்கவில்லை.

அரசி செர்ஸியைத் தம்பி கழுத்தை நெரித்துக் கொல்வான் என்று குறி சொன்னார்களே, கடைசியில் கட்டடம் இடிந்து செத்துப்போனாளே? (வங்கி ஊழியர், மஞ்சக்குப்பம்)

அந்த வரி நூலில்தான் இருக்கிறது. ஐந்தாவது சீசனின் முதல் காட்சியில் சிறுமி செர்ஸி குறி கேட்கிறாள். இளைய அரசி வருவாள், பிள்ளைகள் சாவார்கள் என்பதோடு தொடர் நிறுத்திக்கொண்டது. நூலில் இருப்பதை வைத்துத் தொடரைக் கேள்வி கேட்காதீர்கள்.

கண்ணகி மதுரையை எரித்தாள், கும்பிடுகிறோம். டிராகன் மேலேறி வரும் அரசி டேனரிஸ் தலைநகரை எரித்தால் மட்டும் ஏன் திட்டுகிறோம்? (தமிழாசிரியை, திருப்பாதிரிப்புலியூர்)

வந்ததிலேயே எனக்குப் பிடித்த கேள்வி இது, அம்மா. கண்ணகி முதலில் அவைக்குப் போகிறாள். வழக்குச் சொல்கிறாள். சிலம்பை உடைக்கிறாள், முத்துக்குப் பதில் மாணிக்கம் தெறிக்கிறது. அரசன் தன் தவற்றை ஏற்று உயிரை விடுகிறான். அதற்கப்புறம்தான் தீ. அந்தத் தீக்கும் அவள் கட்டளை போடுகிறாள்: அறவோரை, பசுவை, பத்தினிப் பெண்டிரை, முதியோரை, குழந்தைகளைத் தொடாதே என்று.

டேனரிஸ் எரித்தது சரணடைந்த மணி ஒலித்த பிறகு. தெருவில் ஓடும் குழந்தைகளையும் சேர்த்து. அவளுக்குள் நெருப்பு இருந்தது என்பதற்கு ஆதாரம் உண்டு. மீரீன் நகரில் கொல்லப்பட்ட 163 அடிமைக் குழந்தைகளுக்குப் பதிலாக 163 எசமானர்களைச் சிலுவையில் அறைந்தாள். ஏழாவது சீசனில் மண்டியிட மறுத்த டார்லி பிரபுவையும் அவர் மகனையும் எரித்தாள். ஆனால் அவர்கள் எல்லோரும் அவள் கணக்கில் குற்றவாளிகள், எதிரிகள். குற்றமற்றவரை எரிப்பதற்கு அங்கிருந்து இன்னும் நாலைந்து படி உண்டு. அந்தப் படிகளைத்தான் தொடர் காட்டவில்லை. முதல் ஆறு சீசனும் தலா பத்து எபிசோட், ஏழாவது ஏழு, எட்டாவது வெறும் ஆறு. முடிவு தப்பில்லை என்றே நான் நினைக்கிறேன், அதற்குப் போன வழிதான் குறை.

தம்பி, நான் தேவனாம்பட்டினம். பையன் செல்போன்ல பார்க்கும்போது கூடவே பார்த்தேன். அவ்வளவு பெரிய கப்பல்கூட்டம் டிராகன் மேல இருந்து பார்க்கிற பொண்ணு கண்ணுல எப்படிப்பா படாமப் போச்சு?

ஐயா, எட்டாவது சீசன் நாலாவது எபிசோடில் டேனரிஸின் டிராகன்களில் ஒன்றான ரேகால் சாகிற காட்சியைச் சொல்கிறீர்கள். உங்கள் கேள்வி நூற்றுக்கு நூறு சரி. ஃபைபர் படகில் நிற்கும் ஆளின் கண் இரண்டு மீட்டர் உயரத்தில் என்றால், தொடுவானம் ஐந்து கிலோமீட்டரில். நூறு மீட்டர் மேலே போனால் அது சுமார் 36 கிலோமீட்டர். டிராகன் அதைவிட உயரத்தில் பறக்கிறது, வானமோ தெளிவாக இருக்கிறது. அதே எபிசோடின் போர் ஆலோசனையில் எதிரி யூரான் கிரேஜாயின் கப்பல்களைப் பற்றிப் பேசவும் செய்கிறார்கள். பிறகு பெனியாஃப், டேனரிஸ் அந்தக் கப்பற்படையை மறந்துவிட்டாள் என்று விளக்கம் சொன்னார். சண்டைக்குப் போகிறவள் எதிரியின் கடற்படையை மறப்பாளா?

பாறைக்குப் பின்னால இருந்துதானே அண்ணா கப்பல் வருது? நீங்க அதைச் சொல்லவே இல்லையே. (முதுநகர்)

கடல் மட்டத்தில் வருகிறவருக்குத்தான் பாறை மறைப்பு தம்பி. பாறைக்கு மேலே பறக்கிறவளுக்கு அதன் முதுகும் தெரியும்.

வெயிலை மறந்துட்டீங்க தம்பி. காலைல கெழக்கால பார்த்தா கடல் முழுக்கக் கண்ணாடி மாதிரி கூசும். பக்கத்துல வர்ற படகே தெரியாது. (மீண்டும் தேவனாம்பட்டினம்)

ஐயா, இது அருமையான கருத்து. அடுத்த எபிசோடுக்கு அப்படியே பொருந்தும்: டேனரிஸ் ஏறிவரும் டிராகன் ட்ரோகான் வெயிலுக்குள்ளிருந்து பாய்கிறது, யூரான் கண் கூசி நிமிர்ந்து பார்ப்பதற்குள் கப்பல்கள் எரிகின்றன. அங்கே கணக்கு சரியாக நிற்கிறது. நாலாவது எபிசோடில் டேனரிஸ் கண்ணைக் கூச வைக்கும் ஒளி எதையும் காட்டவில்லையே.

அலையில ஆடுற தட்டுல நின்னு அம்பு விட்டா மூணும் படுமா? (அரியாங்குப்பம்)

அதைத்தான் சொல்ல வந்தேன். நாலாவது எபிசோடில் பறக்கிற டிராகனை அடுத்தடுத்து மூன்று அம்பு துளைக்கிறது. ஐந்தாவதில் அதே அம்புப் பொறிகள், கப்பலிலும் கோட்டைச் சுவரிலும் வரிசையாக நிற்கின்றன; ஓர் அம்புகூடப் படவில்லை. டிராகன் பறக்கும் என்பதை முதல் நாளே ஒப்புக்கொண்டுவிட்டோம். அந்த உலகத்துக்கு அவர்களே போட்ட விதியை, அடுத்த வாரம் வசதிக்காக மாற்றுவதைத்தான் ஒப்ப முடியவில்லை. இதே தொடர் இரண்டாவது சீசனில் பிளாக்வாட்டர் போரைக் காட்டியபோது, பச்சை நெருப்பு எங்கே இருக்கிறது, எப்படி ஓடுகிறது, யார் பற்ற வைக்கிறார்கள் எல்லாம் முன்கூட்டியே நமக்குத் தெரியும். நூலில் ஆற்றின் குறுக்கே செர்ஸியின் தம்பி டிரியன் கட்டும் பெரிய சங்கிலியைத் தொடர் விட்டுவிட்டது. இருந்தும் குறை தெரியவில்லை, காரணம் காரியம் கண்ணெதிரே இருந்தது.

கப்பலைப் பற்றி மேலும் ஒரு கட்டுக் கேள்வி கிடக்கிறது. எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்.

விண்டர்ஃபெல் போர் எபிசோட் ஒரே இருட்டு. என் டிவி கோளாறா? (வில்லியனூர்)

பாதி அவர்கள் விருப்பம், பாதி ஒளிபரப்புக்காகப் படத்தின் தரத்தைச் சுருக்கியது. 55 இரவுகள் எடுத்த போர் அது. அறை விளக்கை அணையுங்கள், டிவியில் பளிச்சென்ற விவிட் மோடை எடுத்துவிட்டு சினிமா மோட் வையுங்கள். செல்போனில் பார்க்கவே பார்க்காதீர்கள்.

அடுத்த நூல் எப்போ? (முத்தியால்பேட்டை)

மேலே பாருங்கள்.

முன்கதைத் தொடரான ஹவுஸ் ஆஃப் த டிராகனில் யார் பக்கம் உண்மை? நூலில் ஒன்று, தொடரில் ஒன்றாக இருக்கிறதே. (நூலகர், புதுச்சேரி)

2018இல் வந்த அந்த மூலநூல் ஒரு வரலாற்றாசிரியர் எழுதியது போன்ற வடிவம். அவர் சாட்சிகள் ஒருவரோடொருவர் முரண்படுவார்கள். அரசவைக் கோமாளி மஷ்ரூம் சொல்வது ஒன்று, செப்டன் (மதகுரு) யூஸ்டஸ் சொல்வது வேறு. ஆகவே சில முரண்களைத் தொடர் தன் விருப்பப்படி தீர்த்துக்கொள்ளலாம். ஆனால் அரசி ஹெலேனாவின் கடைக்குட்டி மகன் மேலரைக் கதையிலிருந்தே எடுத்தது அந்த வகையல்ல. அதனால் பின்னால் வர வேண்டியவை குலையும் என்று மார்ட்டினே 2024 செப்டம்பரில் எழுதி, பிறகு நீக்கினார்.

ஓசியில் டவுன்லோட் பண்ண லிங்க் கிடைக்குமா?

கிடைக்காது.

புக் ஆறு... (மூன்று பேர்)

தேதி இல்லை. தயவுசெய்து முன்பதிவு என்று யாராவது கேட்டால் பணம் கட்டிவிடாதீர்கள்.

அண்ணா, பிளஸ் டூ முடிச்சுட்டேன், இப்பதான் பார்க்கலாம்னு இருக்கேன். முடிவு சரியில்ல, ஆரம்பிக்காதேன்னு அண்ணன் சொல்றான். (பாகூர்)

பாருங்கள் தங்கச்சி. பதினெட்டு வயது முடிந்திருக்க வேண்டும். வன்முறையும் மற்றதும் அதிகம், வீட்டில் எல்லோரோடும் உட்கார்ந்து பார்க்கும் தொடர் அல்ல. முதல் இரண்டு எபிசோடில் பெயர்கள் குழப்பும், ஸ்டார்க், லானிஸ்டர் இரண்டு குடும்பத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். முதல் சீசனின் ஒன்பதாவது எபிசோடுக்கு முன்னால் எதையும் தேடிப் படிக்காதீர்கள், அண்ணனையும் வாய் திறக்க விடாதீர்கள். அதைப் பார்த்து முடித்ததும் எனக்கு எழுதுங்கள்.